அரை நாள், ஒரே பாதை: சென்னையில் குழந்தைகளோடு குறைந்த செலவில் வெளியே போய்வருவது

சென்னையில் இரண்டு குழந்தைகளை வளர்க்கும் ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை வெளியே போய்வர எவ்வளவு ஆகும்? வெள்ளை போர்டு வைத்த சாதாரணக் கட்டணப் பேருந்தில் கடற்கரைக்குப் போய், கையில் கொண்டுபோன சாப்பாட்டைச் சாப்பிட்டுத் திரும்பினால் நூறு ரூபாய்க்குள் முடியும். கால் டாக்சி பிடித்து, மாலில் விளையாட்டுப் பகுதிக்கும் சினிமாவுக்கும் போய், அங்கேயே சாப்பிட்டுத் திரும்பினால் பல ஆயிரம் கரையும். இரண்டு நாட்களிலும் குழந்தைகளுக்குக் கிடைக்கும் மகிழ்ச்சி செலவின் விகிதத்தில் இருப்பதில்லை. அப்படியானால் இவ்வளவு பெரிய வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? அதில் எவ்வளவு பெற்றோரின் கையில் இருக்கிறது, எவ்வளவு நகரத்தின் கையில் இருக்கிறது?

இதைச் சில்லறை விஷயமாக நினைக்கக் கூடாது. ஓய்வும் விளையாட்டும் பண்பாட்டு வாழ்வில் பங்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் உரிமை என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு சொல்கிறது. இந்தியா 1992இல் அந்த உடன்படிக்கையில் இணைந்தது. அடுக்குமாடியில் ஒரு படுக்கையறை வீட்டிலும், ஒண்டுக்குடித்தனத்திலும் வளரும் பிள்ளைக்கு, வாரம் முழுவதும் பள்ளியும் டியூஷனும் போக மிஞ்சுவது அந்த ஒரு நாள்தான். ஓடுவதற்கு இடமும், பார்ப்பதற்குப் புதிதாக ஒன்றும், அப்பா அம்மாவின் முழுக் கவனமும் அன்றைக்குத்தான் கிடைக்கும். பணம் இல்லை என்பதற்காக அந்த நாள் தொலைக்காட்சி முன்னால் கழியக் கூடாது.

பெரும்பாலான குடும்பங்கள் ‘எங்கே போகலாம்?’ என்ற கேள்வியில்தான் தொடங்குகின்றன. செலவைத் தீர்மானிப்பது அந்தக் கேள்வி அல்ல என்பதே என் முடிவு. எப்படிப் போகிறோம், என்ன சாப்பிடுகிறோம், குழந்தை களைத்துப்போவதற்கு முன் திரும்புகிறோமா என்ற மூன்றும்தான் ஒரு நாளின் செலவையும் அதன் தரத்தையும் தீர்மானிக்கின்றன. நுழைவுச்சீட்டின் விலை அதற்கு அடுத்தபடிதான்.

பயணம்: முதல் செலவு, முதல் சேமிப்பு

தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமில்லாமல் பயணம் செய்கிறார்கள். ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அரசுப் பேருந்துகளில் கட்டணம் இல்லை என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. ஐந்து முதல் பன்னிரண்டு வயது வரை அரை டிக்கெட். ஆக, அம்மா, அப்பா, பாட்டி, ஒன்பது வயதுப் பையன், நான்கு வயதுக் குட்டி என்று ஐந்து பேர் கொண்ட குடும்பம் சாதாரணப் பேருந்தில் ஏறினால், எடுக்க வேண்டியது ஒன்றரை டிக்கெட். இந்தியாவின் பெருநகரங்களில் இப்படிப்பட்ட வசதி எல்லா இடத்திலும் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் சில தடங்களில் சாதாரணப் பேருந்துக்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. குழந்தையோடு நிற்கும் அந்த அரை மணி நேரத்தில்தான் பலர் பொறுமையிழந்து ஆட்டோவைக் கை காட்டுகிறார்கள். சலுகை முழுதாகப் பயன்பட வேண்டுமானால் அதற்கேற்ற எண்ணிக்கையில் வண்டிகளும் வர வேண்டும்.

இரண்டாவது வழி மின்சார ரயில். சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. குறைந்தபட்சக் கட்டணம் இன்றும் 5 ரூபாய். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு டிக்கெட் வேண்டாம். ஜன்னலோர இருக்கை கிடைத்தால் சின்னக் குழந்தைக்கு அந்தப் பயணமே பாதி மகிழ்ச்சி. வேளச்சேரிக்குப் போகும் பறக்கும் ரயில் சாலைக்கு மேலே செல்வதால், பக்கிங்காம் கால்வாய், மயிலாப்பூர், அடையாறு என்று நகரின் முதுகுப்புறத்தை அப்படியே காட்டிக்கொண்டு போகிறது. சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம் ஆகிய மூன்று நிலையங்களிலிருந்தும் மெரினாவுக்கு நடந்துவிடலாம்.

மூன்றாவது மெட்ரோ. குறைந்தபட்சம் 10 ரூபாய், அதிகபட்சம் 50 ரூபாய். இங்கே வயதைப் பார்ப்பதில்லை, உயரத்தைப் பார்க்கிறார்கள். பெரியவர்களோடு வரும் 90 சென்டிமீட்டருக்குக் குறைவான குழந்தைக்குக் கட்டணம் இல்லை. நான்கு பேர் மெட்ரோவில் போகும் செலவு சில நேரம் ஒரு ஆட்டோ செலவை எட்டிவிடும். ஆனாலும் மே மாத வெயிலில் குளிரூட்டிய பெட்டியும், நடைமேடைக்கு லிஃப்டும், நிலையத்தில் கழிப்பறையும் கிடைப்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். வயதான தாத்தாவும் கைக்குழந்தையும் உடன் வரும் நாளில் அந்த வித்தியாசத்தைக் கொடுக்கலாம்.

ஆட்டோவுக்கு அரசு 2013இல் நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். இன்று அந்த விலையில் ஏறிய அனுபவம் யாருக்கும் இராது. நிலையத்திலிருந்து இறங்க வேண்டிய இடம் வரை கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு மட்டும் ஆட்டோவை வைத்துக்கொள்வது சரியான கணக்கு. முழுத் தூரத்துக்கும் வைத்துக்கொண்டால் மற்ற எல்லாச் சிக்கனமும் வீணாகும்.

இடங்கள்: தனித்தனியாக அல்ல, கொத்தாக

நகரின் ஒரு முனையில் காலையும் மறு முனையில் மாலையும் என்று திட்டமிடுவதே செலவு கூடுவதற்குப் பெரிய காரணம். ஒரே நிறுத்தத்தில் இறங்கி நடந்து பார்க்கக்கூடிய கொத்துகள் சென்னையில் சில இருக்கின்றன.

முதலாவது எழும்பூர். 1851இல் தொடங்கப்பட்ட அரசு அருங்காட்சியகம், கல்கத்தா அருங்காட்சியகத்துக்கு அடுத்து நாட்டில் மிகப் பழையது. சோழர் காலச் செப்புத் திருமேனிகள், அமராவதிச் சிற்பங்கள் என்று பெரியவர்களுக்கு அங்கே நாள் போதாது. குழந்தைகளை நிறுத்திவைப்பது திமிங்கலத்தின் எலும்புக்கூடு. சென்னையின் உயிரியல் பூங்காவும் 1855இல் இதே வளாகத்தில்தான் தொடங்கியது. அதனால்தான் பழைய மெட்ராஸ்காரர்கள் இதை ‘செத்த காலேஜ்’ என்றும் மிருகக்காட்சிசாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் சொல்லிவந்தார்கள். எழும்பூரில் மின்சார ரயிலும் மெட்ரோவும் நிற்பதால் எந்தத் திசையிலிருந்தும் வரலாம். வெள்ளிக்கிழமை விடுமுறை. எல்லாக் கூடங்களையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை இங்கே குழந்தைகளைக் களைக்கவைக்கும். ஒரு நாளைக்கு இரண்டு கூடங்கள் போதும். நுழைவுக் கட்டணம் குறைவுதான், மறுபடியும் வரலாம்.

இரண்டாவது கிண்டி-கோட்டூர்புரம். பிள்ளைகள் பூங்கா, 1972இல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய பாம்புப் பண்ணை, காந்தி மண்டபம், பிர்லா கோளரங்கம், அண்ணா நூற்றாண்டு நூலகம் எல்லாம் ஒன்றுக்கொன்று பக்கம். பூங்காவை ஒட்டியிருக்கும் கிண்டி தேசியப் பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர். ஒரு பெருநகரத்தின் நடுவில் புள்ளிமானும் வெளிமானும் இயற்கையாக வாழும் காடு இருப்பது அபூர்வம் என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டும். 1988இல் திறந்த கோளரங்கத்தில் தமிழ்க் காட்சியும் உண்டு, நேரத்தை முன்பே கேட்டுவைத்துக்கொள்வது நல்லது.

இந்தக் கொத்தில் என் கணிப்பில் முதலிடம் நூலகத்துக்கு. 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. குழந்தைகளுக்கென்று ஒரு முழுப் பகுதி இருக்கிறது. அதன் நடுவில் செயற்கை மரம் ஒன்று, அதைச் சுற்றித் தாழ்வான இருக்கைகள், கைக்கு எட்டும் உயரத்தில் படப் புத்தகங்கள். குடிநீர், கழிப்பறை, உணவகம், லிஃப்ட், குளிர்ச்சி எல்லாம் உள்ளேயே. மாலில் எதைத் தேடி மக்கள் போகிறார்களோ அவற்றில் பாதி இங்கே காசில்லாமல் கிடைக்கிறது.

மூன்றாவது மெரினா. மணலும் கடலும் மட்டுமே மெரினா என்று நினைக்கிறோம். 1959இல் நிறுவப்பட்ட, தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை அங்கேதான் இருக்கிறது. இந்தியாவின் முதல் மே தினத்தை 1923இல் சிங்காரவேலர் கொண்டாடிய மணலும் அதுதான். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்துவைக்க 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸ், விவேகானந்தர் இல்லம் என்ற பெயரில் நிற்கிறது. ஐஸ் கப்பலில் வந்தது என்று சொன்னால் எந்தக் குழந்தையும் நூறு கேள்வி கேட்கும். 1977இல் திறக்கப்பட்ட கலங்கரை விளக்கத்தில் லிஃப்டில் ஏறி நகரையும் கடலையும் பார்க்கலாம். திங்கட்கிழமை விடுமுறை.

தொலைவில் இருப்பவை தனி நாள் கேட்கும். வண்டலூர் உயிரியல் பூங்காவின் பரப்பு 602 ஹெக்டேர். செவ்வாய்க்கிழமை விடுமுறை. நடக்க முடியாத குழந்தைக்கு உள்ளே பேட்டரி வண்டி தேவைப்படும் என்பதால் அந்தச் செலவையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் 1976இல் தொடங்கிய முதலைப் பண்ணையும், 1996இல் திறந்த தட்சிணசித்ராவும் இருக்கின்றன. மாமல்லபுரத்தின் நினைவுச்சின்னங்களிலும் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்திலும் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை, தொல்லியல் துறையின் பொது விதி அது. பல பெற்றோர் இதை அறியாமல் ‘டிக்கெட் எவ்வளவு இருக்குமோ’ என்று தயங்கி விட்டுவிடுகிறார்கள். ரயில் பிடித்த குழந்தைக்கு ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை அருகே உள்ள ரயில் அருங்காட்சியகம்: பழைய நீராவி எஞ்சின்கள், ஏறிச் சுற்ற ஒரு குட்டி ரயில்.

மாலும் கேளிக்கைப் பூங்காவும்

கட்டணப் பூங்காக்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ராட்டினத்தில் ஏறி அலறும் மகிழ்ச்சிக்கு ஈடு வேறில்லை. ஆண்டுக்கு ஒருமுறை, பிறந்தநாளுக்கோ தேர்வு முடிந்த பிறகோ போகும் இடமாக அதை வைத்துக்கொண்டால் குழந்தைக்கும் அதன் அருமை தெரியும். அங்கே சீட்டு பெரும்பாலும் உயரத்தைப் பொறுத்தது. வீட்டிலேயே குழந்தையை அளந்துகொண்டு போனால் கவுண்டரில் அதிர்ச்சி இராது. உயரம் போதாத குழந்தையை முக்கால்வாசி ராட்டினங்களில் ஏற்றமாட்டார்கள் என்பதால், மூன்று வயதுப் பிள்ளையோடு அங்கே போவது பணத்துக்குத் தகுந்த பயனைத் தராது.

சினிமா தியேட்டரில் சீட்டைவிட இடைவேளைத் தின்பண்டம் கூடுதலாகும் குடும்பங்கள் பல. வெளியிலிருந்து உணவு கொண்டுவருவதைத் தடுக்கத் தியேட்டர் உரிமையாளருக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதோடு, குடிநீர் இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைப் பெற்றோர் கொண்டுவரலாம் என்பதையும் பதிவு செய்தது. இந்த இரண்டையும் பெற்றோர் தயங்காமல் கேட்டுப் பெறலாம்.

சாப்பாடும் கைச்செலவும்

நம் குடும்பங்களுக்குக் கட்டுச்சோறு புதிதல்ல. புளிசாதமும் தயிர்சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு காணும் பொங்கலுக்குக் கடற்கரை போன வழக்கம் இன்னும் இருக்கிறது. ஓட்டலில் ஐந்து பேர் மதியம் சாப்பிடும் தொகை, பெரும்பாலும் அந்த நாளின் மற்ற எல்லாச் செலவையும் சேர்த்ததைவிடக் கூடுதல். ஆனால் கட்டுச்சோறு என்பது ஒரு ஆளின் உழைப்பு. அம்மா விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து சமைத்தால்தான் குடும்பத்துக்குச் செலவு குறையும் என்றால், அது சிக்கனம் ஆகாது. செலவு அவர் தலையில் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். சமையலையும் பை கட்டுவதையும் திரும்பி வந்து பாத்திரம் கழுவுவதையும் எல்லோரும் பகிர வேண்டும். முடியாத நாளில், 2013இல் தொடங்கிய அம்மா உணவகங்கள் இருக்கின்றன: காலையில் இட்லி 1 ரூபாய், மதியம் சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய்.

கடற்கரையில் காசைக் கரைப்பவை பலூன், பொம்மை, குதிரை சவாரி, துப்பாக்கிச் சுடுதல், ஐஸ், பஜ்ஜி. எல்லாவற்றுக்கும் ‘வேண்டாம்’ சொன்னால் அந்த நாளே சண்டையில் முடியும். கிளம்பும் முன்பே ஆளுக்கு ஐம்பது ரூபாயைக் கையில் கொடுத்து, எதற்குச் செலவிடுவது என்பதை அவர்களிடமே விடுவது சிறந்த வழி. ஆறு ஏழு வயதிலேயே பிள்ளைகள் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு எச்சரிக்கை: நிறமூட்டிய பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்ற ரசாயனம் கண்டறியப்பட்டு, 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் அதன் விற்பனை தடை செய்யப்பட்டது. குழந்தை கேட்டாலும் வாங்கித்தர வேண்டாம்.

பருவமும் நேரமும்

கோடை விடுமுறையில்தான் ஊர் சுற்ற வேண்டும் என்ற பழக்கம் சென்னைக்குப் பொருந்தாது. அக்னி நட்சத்திர நாட்களில் பகல் பதினொன்றுக்குமேல் திறந்தவெளியில் குழந்தையை வைத்திருப்பது ஆபத்து. கோடைக்குக் காலை ஆறு முதல் ஒன்பது வரை பூங்கா, பகலில் நூலகம், மாலையில் கடற்காற்று என்று பிரித்துக்கொள்ளலாம். ஆண்டு மழையில் பாதிக்குமேல் வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடும் ஊர் இது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கூரையுள்ள இடங்களையே தேர்ந்தெடுக்க வேண்டும். மிகச் சிறந்த மாதங்கள் ஜனவரியும் பிப்ரவரியும்.

நகரம் இலவசமாகத் தருபவையும் அப்போதுதான் குவிகின்றன. மார்கழியில் பல சபாக்களில் காலை, மதியக் கச்சேரிகளுக்குக் கட்டணம் இல்லை. பொங்கலை ஒட்டி, 2023இல் மீண்டும் உயிர்பெற்ற சென்னைச் சங்கமம் பறையையும் கரகத்தையும் பூங்காக்களுக்கும் மைதானங்களுக்கும் கொண்டுவருகிறது. 1977 முதல் நடக்கும் புத்தகக் காட்சியும் அதே பருவத்தில்தான். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு வலசைப் பறவைகள் வரும் காலமும் அதுவே. ஜனவரி முதல் பெசன்ட் நகர்க் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. 1988 முதல் மாணவர் தன்னார்வலர்கள் அந்த முட்டைகளைக் காத்துவருகிறார்கள். முட்டை பொரிந்து குஞ்சுகள் கடலுக்குள் விடப்படும் மாலையைப் பார்த்த குழந்தைக்கு எந்தக் கேளிக்கைப் பூங்காவும் அதைத் தர முடியாது. ஆகஸ்டில் மெட்ராஸ் தினத்தை ஒட்டி நடக்கும் மரபு நடைகளில் பலவற்றுக்குக் கட்டணம் இல்லை.

களைப்பும் பாதுகாப்பும்

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மூன்று மணி நேர வெளிப்பயணம் நிறைவானது. அதற்குமேல் இழுத்தால் அழுகை, அழுகையை நிறுத்த ஐஸ்கிரீம், தூக்கிக்கொண்டு நடக்க முடியாமல் ஆட்டோ என்று செலவு தொடர்ந்து ஏறும். மதியத்துக்குள் வீடு திரும்புவது குழந்தைக்கும் பெற்றோருக்கும் நல்லது. எட்டு வயதுக்குமேல் இருப்பவர்களிடம் திட்டத்தின் ஒரு பகுதியையே ஒப்படைக்கலாம்: தட எண்ணைக் கண்டுபிடிப்பது, நிலையங்களை எண்ணுவது, தண்ணீர்ப் பாட்டிலுக்குப் பொறுப்பேற்பது.

மெரினாவில் கால் நனைப்பதோடு நிறுத்த வேண்டும். அலையின் இழுப்பும் திடீரென்று ஆழமாகும் தரையும் ஆண்டுதோறும் உயிர்களைக் கொண்டுபோகின்றன, அங்கே குளிக்கத் தடை இருப்பது அதனால்தான். காணும் பொங்கலன்று காவல்துறையினர் குழந்தைகளின் மணிக்கட்டில் பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய அடையாளப் பட்டையைக் கட்டுகிறார்கள். கூட்டமுள்ள எந்த நாளிலும் அதை நாமே செய்துகொள்ளலாம்.

பெற்றோரின் கையில் இல்லாதவை

இதுவரை சொன்ன எல்லாத் திட்டத்தையும் முறியடிக்கக்கூடியது ஒன்று உண்டு: சுத்தமான கழிப்பறை இல்லாமை. பல பெண்கள் கடற்கரைக்குக் கிளம்பும் முன் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கிறார்கள். 2015இல் பேருந்து நிலையங்களில் தாய்ப்பால் ஊட்டும் அறைகள் திறக்கப்பட்டது நல்ல முன்மாதிரி. அது பெரிய பூங்காக்களுக்கும் கடற்கரைகளுக்கும் பரவ வேண்டும். 2022இல் மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காக 263 மீட்டர் மரப்பாதை அமைத்தபோது, சக்கர நாற்காலியில் வந்தவர்கள் பலர் முதன்முறையாக அலையைத் தொட்டார்கள். மாற்றுத்திறனுள்ள குழந்தையின் பெற்றோருக்கு இப்படி ஒரு பாதை இருப்பதும் இல்லாததும்தான் போவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கிறது.

மேலே சொன்ன கொத்துகளைப் படத்தில் வைத்துப் பார்த்தால் இன்னொன்றும் புலப்படும். பெரும்பாலானவை நகரின் நடுவிலும் தெற்கிலும் இருக்கின்றன. இந்த ஏற்றத்தாழ்வு கடலிலேயே தொடங்குகிறது. துறைமுகம் கட்டப்பட்ட பிறகு அதன் தென்புறம் மணல் சேர்ந்து மெரினா அகன்றது, வடபுறம் கடல் கரையை அரித்தது. ராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வரை கரையில் கொட்டிய பாறைகள்தான் காவல். அங்கே வளரும் குழந்தைக்குக் கடல் பக்கத்திலேயே இருந்தும் ஓடியாட மணல் இல்லை. 1856இல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையம், தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட இடம். அதைக் குழந்தைகள் வந்து பார்க்கும் அருங்காட்சியகமாக்க முடியும். மாதவரம் தாவரவியல் பூங்கா போன்றவை வடக்கே இன்னும் பல தேவை. அரசு அமைக்கும் புதிய பூங்காக்களில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனிச் சீட்டு வைக்கும் போக்கும் கவலை தருகிறது. பொதுப் பணத்தில் உருவாகும் இடத்தில், காசில்லாத குழந்தை வேலிக்கு வெளியே நின்று பார்க்கும் நிலை வரக் கூடாது.

ஆகவே பெற்றோருக்கு என் பரிந்துரை சுருக்கமானது. ஒரு பாதையைத் தேர்ந்தெடுங்கள், அதில் ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள், அரை நாளில் திரும்புங்கள், மாதம் ஒருமுறை போங்கள். ஆண்டுக்கு ஒரு பெரிய செலவைவிட இது குழந்தைக்கு அதிகம் தரும். மாநகராட்சியிடமும் அரசிடமும் கேட்க வேண்டியதும் சுருக்கமானதே: ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுதல் சாதாரணப் பேருந்துகள், ஒவ்வொரு கடற்கரையிலும் பூங்காவிலும் சுத்தமான கழிப்பறையும் குடிநீரும், வடசென்னையில் ஒரு பெரிய குழந்தைகள் நூலகம், அரசுப் பூங்காக்களில் பன்னிரண்டு வயது வரை இலவச அனுமதி. குடியிருப்போர் சங்கங்களும் பள்ளிப் பெற்றோர் அமைப்புகளும் இந்த நான்கையும் தங்கள் வார்டு உறுப்பினரிடம் எழுத்தில் கொடுத்துக் கேட்க வேண்டும்.